சனிக்கிழமைக் கப்பல்

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அனந்தலக்ஷ்மியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. அவள் கப்பல் கட்டப் படித்தவள் என்று தெரிந்த குடும்பமும் கிடையாது. கோயில் கேன்டீனில் புளியோதரை கலக்க ஆள் குறைந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்று கணக்குப் போடவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவள் சொன்னால் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கப்பலாவது மண்ணாவது, அதை யார் கேட்டார்கள்?

கொச்சியில் நாலு வருஷம் கப்பல் கட்டுமான இன்ஜினியரிங். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி இரண்டாம் வருஷமே கம்ப்யூட்டர் பக்கம் ஓடிவிட்டாள். இவள் பிடிவாதக்காரி, முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். சென்னையில் ஒரு ஆபீசில் சேர்ந்து எட்டு மாசம், அவ்வளவுதான். அதற்குள் ஸ்ரீநிவாஸின் ஜாதகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை ஹூஸ்டனில் சாஃப்ட்வேர், தங்கமான பையன். இவளுக்குக் கிடைத்தது எச்-ஃபோர் விசா. அந்த விசாவில் புருஷனோடு வந்து இருக்கலாம், சமைக்கலாம், சாப்பிடலாம், பிள்ளை பெறலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. ஏழு வருஷம் அப்படி இருந்தாள். அந்த ஏழு வருஷத்தைப் பற்றி அவளிடம் கேட்டுவிடாதீர்கள், கரண்டி பறக்கும்.

கிரீன் கார்டு வந்ததும் வேலை தேடினாள். கடலில் எண்ணெய் எடுக்கிற ராட்சச மேடைகளை டிசைன் பண்ணும் கம்பெனி ஒன்றில், எடைக் கணக்குப் பிரிவில் இடம் கிடைத்தது. மேடையில் ஏறும் ஒவ்வொரு சாமானும் எத்தனை கிலோ, எந்த உயரத்தில் உட்கார்கிறது என்று எழுதி வைப்பதுதான் வேலை. பைப், வால்வு, ஏணி, பெயின்ட். ஆமாம், பெயின்ட்டுக்கும் எடை உண்டு. இருபத்தொரு வருஷமாக அதே பிரிவு, அதே ஜன்னல். மானேஜர்கள் மாறி மாறி வருவார்கள். வந்த மூன்றாம் மாசம் ஒவ்வொருத்தரும் அவள் மேஜைக்கு வந்து, “கொஞ்சம் குறைச்சுப் போட முடியாதா?” என்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள். முடியாது என்பாள். அதனாலேயோ என்னவோ அவளுக்குப் பிரமோஷனும் கிடைத்ததில்லை.

ஒரு கப்பல். பெரிசாக வேண்டாம், சின்னதாக ஒன்று. முதல் கோட்டிலிருந்து கடைசி ஆணி வரைக்கும் தானே வரைந்து, அது தண்ணீரில் போவதைப் பார்க்க வேண்டும். அந்த ஆசை அவளுக்குள் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயசில் சொன்னால் சிரிப்பார்கள். கால்வெஸ்டனில் ஃபெர்ரி ஏறினால் எல்லாரும் டால்ஃபினைத் தேடுவார்கள், இவள் கைப்பிடியில் குனிந்து தண்ணீர் எந்த இடத்தில் தட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதன் பெயர் ரோஹன்.

ஒரே பிள்ளை. இருபத்தைந்து வயசு, கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் வேலை, கம்பெனி ஷட்டிலில் போய் கம்பெனி ஷட்டிலில் வருகிறவன். போன் பண்ணினால் “மீட்டிங்ல இருக்கேன்மா” என்று மெசேஜ் வரும். வாரத்துக்கு ஒரு தடவை அவனே கூப்பிடுவான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இல்லை, அப்பா எப்படி, நன்றாக இருக்கார், சரிம்மா பை. நாலு நிமிஷம். ஒரு தடவை ஐந்தரை நிமிஷம் போனது, அன்றைக்கு அவனுக்கு ஜுரம். சண்டை எதுவும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். சண்டை என்றால் சமாதானமாவது பண்ணலாம்.

இந்த நிலைமையில்தான் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவன் ஒரு படம் அனுப்பினான். ரோஹனுக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து சிநேகிதர்கள் கம்ப்யூட்டர் வழியாகக் கூடுவார்கள். ஒருத்தன் கதை சொல்வான், மற்ற நாலு பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவன் ரோஹன். இந்தத் தடவை நாலு பேரும் தீவு தீவாகச் சரக்கு ஏற்றிப் போகிற வியாபாரிகள். அதற்கு ஒரு சின்ன சரக்குக் கப்பல் வேண்டும். இன்டர்நெட்டில் எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பி, “நீ ஷிப் ஏதோ படிச்சே இல்ல? இது எப்படி இருக்கு?” என்று கேட்டிருந்தான்.

அவன் பேசுவது இங்கிலீஷில்தான். நம் வசதிக்குத் தமிழாக்கிவிடுகிறேன். நடுவில் வரும் ‘அம்மா’ மட்டும் அசல்.

அவள் படத்தைப் பார்த்தாள். முன்னால் டிராகன் தலை, பின்னால் அரண்மனை மாதிரி மூன்று அடுக்கு, வானத்தைக் குத்துகிற பாய்மரம். நாலு நிமிஷத்துக்குள் பேசி முடிக்கிற அம்மா அன்றைக்கு அவன் கூப்பிட்டதும் விடவே இல்லை.

“டேய், இது துறைமுகத்தைத் தாண்டறதுக்குள்ள கவுந்துடும்டா! மேல இவ்ளோ பாரம், அடியில கனத்துக்குக் கல்லு எங்க? குடிக்கற தண்ணி எங்க வெப்பா? சரக்கு இறக்கற வாசல் சரக்கு அறையை விடப் பெரிசா இருக்கு. எந்தக் கழுதை வரைஞ்சான் இதை?”

ரோஹன் சிரித்தான். போனில் அவன் சிரித்து அவள் கேட்டு எத்தனை நாளாயிற்று!

“சரிம்மா, கவுந்துடாத கப்பல் ஒண்ணு நீயே வரைஞ்சு குடு” என்றான்.

வேறு வினையே வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலமே மாடி அறையில் உட்கார்ந்துவிட்டாள். நீளம் இருபத்திரண்டு மீட்டர், அகலம் ஆறு, இரண்டு பாய்மரம், அறுபது டன் சரக்கு, ஆறு ஆள். கற்பனைக் கடல்தானே, எப்படி வேண்டுமானாலும் போடலாமே என்று ஸ்ரீநிவாஸ் சொன்னதற்கு, “கடல் கற்பனையா இருக்கலாம், தண்ணி தண்ணிதான்” என்று பதில் வந்தது. ஒவ்வொரு பலகைக்கும் எடை போட்டாள். சமையல் அடுப்புக்கு, அரிசிப் பானைக்கு, ஆறு பேரின் படுக்கைக்கு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ரோஹன் கூப்பிடுவான், அவனுக்கு அப்போது ஒன்பது. வரைந்தவரைக்கும் காட்டுவாள். அவன் ஃபோல்டர் ஒன்றை இரண்டு பேருக்கும் பொதுவாக ஷேர் பண்ணி வைத்திருந்தான், படங்களை அதில் போட்டுவிடுவாள்.

“அம்மா, கீழ் டெக்கில் ஏழாவதா ஒரு ரூம் இருக்கே, யாருக்கு?”

“யாராவது வந்தா தங்க வேண்டாமா?”

“கப்பலுக்கா? யாரு, உன் மாமியாரா?”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேர்லேண்டில் வீடு வாங்குகிற ஒவ்வொரு குடும்பமும் ஊரிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்து இறங்குகிறவர்களுக்காகக் கீழே ஒரு பெட்ரூம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கும். அந்தப் பழக்கம் கப்பல் வரைக்கும் வந்திருக்கிறது. ரூமை எடுத்துவிட்டு அங்கே தண்ணீர்ப் பீப்பாய்களை வைத்தாள். அன்றைய பேச்சு நாற்பத்திரண்டு நிமிஷம். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அவள் கொஞ்சம் அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம்தான்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் நாற்பது நிமிஷம். கப்பல் பேச்சுக்கு நடுநடுவே மற்றதும் வந்தது. ரூம்மேட் காலி பண்ணிவிட்டான், முதுகு வலிக்கிறது, ரசம் வைத்தேன் கசந்தது. புளியைக் கரைச்சு விட்டியா, அப்படியே போட்டியா? அப்படியே போட்டேன். அசடே.

மார்ச் ஏழாம் தேதி கப்பல் முடிந்தது. நாற்பத்து மூன்று பக்கம். எந்த லோடில் எவ்வளவு அமுங்கும், எவ்வளவு சாய்ந்தால் நிமிரும், எவ்வளவு சாய்ந்தால் நிமிராது, எல்லாம் அட்டவணை போட்டு எழுதியிருந்தாள். கடைசிப் படத்தின் மூலையில் கட்டம் கட்டி, ‘ஹல் நம்பர் 1’, அதாவது முதல் கப்பல், தேதி, வரைந்தவர் அனந்தலக்ஷ்மி, சரிபார்த்தவர் அனந்தலக்ஷ்மி. பிரின்ட் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் கழித்து ஒரு கப்பல். கோடு போட்டது தன் கை. அந்தப் பக்கங்களைத் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை.

“முடிஞ்சுதாம்மா?”

முடிஞ்சுது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அடுத்த சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று தோன்றியது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, சரிம்மா பை.

“இன்னும் இல்லடா. சுக்கான் சின்னதா இருக்கு. மாத்தணும்.”

சோபாவிலிருந்து ஸ்ரீநிவாஸ் எட்டிப் பார்த்தார். “நேத்து பிரின்ட் எடுத்து வெச்சுண்டு தனக்குத்தானே சிரிச்சுண்டிருந்தியேடி?”

“நீங்க சும்மா இருங்கோ.”

முடிந்த கப்பலை எங்கே ஒளித்தாள் என்கிறீர்களா? ஒளிக்கவே இல்லை. அதே பொது ஃபோல்டரில்தான் போட்டு வைத்தாள். இங்கேதான் இருபத்தொரு வருஷத்து ஆபீஸ் புத்தி வேலை செய்தது. அவள் ஆபீசில் ஒரு டிராயிங் முடிந்துவிட்டால் மட்டும் போதாது, ‘இன்ன டிராயிங்கை இன்ன தேதியில் உங்களுக்கு அனுப்புகிறோம்’ என்று டிரான்ஸ்மிட்டல் லெட்டர் ஒன்று போக வேண்டும். அது போகாதவரை அந்த டிராயிங் இல்லாத மாதிரிதான். கண்ணெதிரே கிடந்தாலும் ஒருத்தர் தொட மாட்டார்கள், தொட்டால் வேலை போய்விடும். லெட்டர் அனுப்பாத டிராயிங்கை ஒருவன் திறந்து பார்ப்பான் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டின நிம்மதியோடு இருந்தாள்.

ஏப்ரல் ஓடியது. சுக்கானுக்குப் பிறகு பாய்மரம், பாய்மரத்துக்குப் பிறகு நங்கூரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆபீசிலிருந்து வரும்போது ஃப்ரீவேயில் அடுத்த நாளைக்கான பொய்யை யோசித்துக்கொண்டே வருவாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், சின்னப் பொய்யையும் முழுக் கணக்கோடு தயார் பண்ணுவாள். ஒரு ஆச்சரியம், ரோஹன் அவசரப்படுத்தவே இல்லை. மாறாக அவனே புதுசு புதுசாகக் கேட்டான். சங்கிலி எவ்வளவு நீளம் வேண்டும்? பீப்பாய் உருளாமல் எப்படிக் கட்டுவார்கள்? எல்லாம் அவள் ஏற்கெனவே எழுதி முடித்த விஷயம். பிள்ளைக்கு இதில் இவ்வளவு ஆர்வமா என்று அவளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. உள்ளே குறுகுறுப்பும் தாங்கவில்லை. பாவம், கப்பல் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே, ஒரு கிழவியின் ஆசைக்காக! ஏப்ரல் கடைசியில் கட்டாயம் அனுப்பிவிடுவது என்று தனக்குத்தானே தேதி குறித்தாள். குறித்த தேதியை இரண்டு தடவை தள்ளியும் வைத்தாள்.

மே மாசம் லாங் வீக்கெண்ட். ஞாயிற்றுக்கிழமை மீனாக்ஷி கோயில் கேன்டீனில் புளியோதரைத் தட்டோடு நின்றபோது அதிதி வந்து கட்டிக்கொண்டாள். அதிதி ரோஹனோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவள், இப்போது டல்லாஸ் பக்கம் இர்விங்கில் வேலை, அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் அவளும் ஒருத்தி.

“ஆன்ட்டி! அனந்தா மூழ்கினப்போ நாங்க எல்லாரும் அழுதுட்டோம் தெரியுமா?”

அனந்தலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. யார் அனந்தா, எங்கே மூழ்கினாள்? அதிதி சொல்லிக்கொண்டே போனாள். ஆன்ட்டியின் கப்பலுக்கு ஆன்ட்டி பேரைத்தான் வைத்தோம். மார்ச்சிலேயே கடலில் இறக்கிவிட்டோம். மூன்று தீவுக்குப் போனோம். ஏப்ரல் இரண்டாம் வாரம் போய்விட்டது. இப்போது நாங்கள் ஒரு தீவில் கால்நடையாகத் திரிகிறோம், கப்பலே இல்லை. “அவ்வளவு டீடெய்ல்! எங்க அடுப்புக்குக்கூட வெயிட் போட்டிருந்தீங்க, ஆன்ட்டி!”

“அப்படியா” என்றாள் அனந்தலக்ஷ்மி. தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். கேன்டீனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த ஸ்ரீநிவாஸிடம்கூடச் சொல்லாமல் பார்க்கிங் லாட்டுக்கு வந்து, வெயிலில் வெந்துகொண்டிருந்த காருக்குள் உட்கார்ந்து ஏசியைப் போட்டாள். அவளாக அவனைக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான். பின்னால் ஒரே சத்தம், பாத்திரமும் பேச்சும். சன்னிவேலில் எல் கமினோ ரியல் ரோட்டில் தோசைக் கடை வாசலில் சிநேகிதனோடு டேபிளுக்குக் காத்திருந்தான்.

“அம்மா? அப்பாவுக்கு என்னாச்சு?”

“அப்பாவுக்கு என்ன, புளியோதரை சாப்பிட்டுண்டிருக்கார். கப்பல் எப்படிடா மூழ்கிச்சு?”

“கப்பலா?” என்று இழுத்தான்.

“சொல்லுடா. என் கப்பல் எப்படி மூழ்கும்? அறுபது டன்னுக்கு மேல ஏத்தினேளா?”

“இல்லம்மா. அறுபதுதான். அரிசி.”

“பின்ன?”

ஒரு தீவில் எரிமலை வெடித்தது என்றான். கரையில் நூறு பேர் தவித்துக்கொண்டு நின்றார்கள். விட்டுவிட்டு வர நாலு பேருக்கும் மனசு வரவில்லை, எல்லாரையும் டெக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

“நூறு பேரா! அரிசியைத் தூக்கிக் கடல்ல போட வேண்டியதுதானே?”

“அடுத்த தீவில் பஞ்சம்மா. அந்த அரிசிக்காகத்தான் அவங்க உட்கார்ந்திருந்தாங்க.”

“சரி, நூறு பேர், ஏழு டன், மேல் டெக்கு” என்று அவள் கணக்குப் போட்டாள். “அப்பவும் போகக் கூடாதேடா. எல்லாரும் ஒரே பக்கம் ஓடினாளா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கரை தெரிஞ்சிருக்கும். கரையைப் பாத்தா எல்லாரும் அந்தப் பக்கம்தான் ஓடுவா. அப்பவும் போகாது! காத்தும் சேந்து அடிச்சா நாப்பது டிகிரி சாயும், திரும்பி நிமிரும். சரக்கு வாசல் மூடியிருந்துதா?”

ரோஹன் தயங்கினான். “திறந்திருந்தது. உள்ளே அரிசி மூட்டை மேல ஆடு இருந்ததும்மா. அவங்க ஆடு. மூச்சு முட்டுமேன்னு அதிதிதான் திறந்து வெச்சா.”

“ஆட்டுக்காகவா! முப்பத்தெட்டு டிகிரிலேயே தண்ணி உள்ள வந்துடுமேடா! எழுதியிருந்தேனே!”

“தெரியும். முப்பத்தோராம் பக்கம்.” அவன் குரல் இறங்கியது. “எவ்வளவு சாயும்னு பகடையைப் போட்டேன், நாப்பது டிகிரி வந்தது. அட்டவணையைப் பார்த்தேன். கதை சொல்றது நான், என் பகடையை யாரும் பார்க்கல. முப்பத்தஞ்சுன்னு சொல்லியிருந்தா கப்பல் பிழைச்சிருக்கும். ரொம்ப நேரம் யோசிச்சேன்மா. ஆனா அது உன் நம்பர். உன் நம்பரை எப்படி மாத்தறது?”

இருபத்தொரு வருஷமாக ஆளாளுக்கு வந்து மாற்றச் சொன்ன நம்பர். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கண்ணாடியில் மூக்கு சிவந்திருந்தது.

“ஜனங்க?” என்று கேட்டாள்.

“எல்லாரும் கரை சேர்ந்துட்டாங்க. ஆடு எல்லாம்கூட நீந்திடுச்சு.”

“அந்த மட்டும் நல்லதாப் போச்சு.”

கடையில் யாரோ, “ரோஹன், ரெண்டு பேர்!” என்று கூப்பிட்டார்கள். அவன் சிநேகிதனிடம் நீ போ என்று சொல்வது கேட்டது. சத்தம் குறைந்தது, தெருவுக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது.

“ஏண்டா” என்றாள், “ஏப்ரல்லயே போன கப்பலுக்கு மே மாசம் முழுக்க சங்கிலி நீளம் கேட்டுண்டு இருந்தியே, எதுக்கு?”

“மார்ச்சிலேயே முடிஞ்ச கப்பலை நீ ஏம்மா முடியலன்னு சொன்னே? தேதி போட்டு வெச்சிருந்தே. அன்னிக்கே பார்த்துட்டேன்.”

பொய்க்குத் தயார் பண்ணிய கணக்கு எதுவும் இப்போது அவள் கையில் இல்லை.

“முடிஞ்சுதுன்னு சொன்னா நீ கூப்பிட மாட்டியேன்னுதான்” என்றாள்.

“சேம், அம்மா. நானும் அதுக்குத்தான்” என்றான் அவன்.

அனந்தலக்ஷ்மி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தூரத்தில் கோயில் வாசலில் ஸ்ரீநிவாஸ் வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமை கூப்பிடுடா” என்றாள். “இனிமே கப்பல் எல்லாம் வேண்டாம். சும்மா கூப்பிடு.”

“கூப்பிடறேன்.” அவன் கொஞ்சம் நிறுத்தினான். அப்புறம் நிஜமாகவே தெரியாதவனாகக் கேட்டான். “என்னம்மா பேசறது?”

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

“தெரியலடா” என்றாள். “நீ கூப்பிடு.”